தோட்டத் தொழிலாளர் பாதுகாப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புல்தரை பராமரிப்பு, கவாத்து, மரம் வெட்டுதல், மருந்து தெளித்தல், நடைபாதைக்குக் கல் பதித்தல் ஆகிய வேலைகளைப் பிழைப்பாகச் செய்பவர்களும், அவர்களை வேலைக்கு வைத்திருப்பவர்களும் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். சில பதில்கள் நீளமாக இருக்கும். உயிர் போகும் இடங்களில் சுருக்கிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தோட்ட வேலையில் அப்படி என்ன ஆபத்து இருக்கிறது?

பூவும் புல்லும் இருக்கும் இடம் என்பதால் ஆபத்து கண்ணில் படுவதில்லை. தொழிற்சாலையில் இயந்திரம் ஓரிடத்தில் நிற்கும். சுற்றிலும் தடுப்பு இருக்கும். தரை என்றும் ஒரே தரைதான். தோட்டத்திலோ இயந்திரம் ஆளோடு சேர்ந்து நடக்கிறது. நேற்று காய்ந்திருந்த சரிவு இன்று வழுக்குகிறது. ஒரே ஆள் காலையில் புல் வெட்டுகிறார், நண்பகலில் மருந்து கலக்குகிறார், மாலையில் ஏணியில் ஏறுகிறார். சுழலும் கத்தி, நஞ்சு, உயரம், மின்சாரம், வெயில், பாரம் ஆகிய ஆறையும் ஒரே நாளில் சந்திக்கும் தொழில்கள் அதிகம் இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வேலை மும்முரமாக நடக்கும்போது ஆள் விழிப்பாகவே இருக்கிறார். அடைப்பை எடுக்கும்போதும், பெட்ரோல் ஊற்றும்போதும், மருந்தை அளக்கும்போதும், 'இந்த ஒரு கிளைதானே' என்று எட்டும்போதும்தான் கவனம் தளர்கிறது. வேலையாகவே கணக்கில் வராத இந்த இடைநேரங்களைத்தான் கீழே உள்ள பதில்களில் திரும்பத் திரும்பப் பார்ப்பீர்கள்.

கையுறையும் கண்ணாடியும் வாங்கிக் கொடுத்துவிட்டால் முதலாளியின் கடமை முடிந்ததா?

இல்லை. கவச உபகரணம் கடைசி அரண்தான். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகள் இருக்கின்றன. இந்த ஆபத்தையே இல்லாமல் செய்ய முடியுமா? நீண்ட கம்பு ரம்பத்தால் தரையில் நின்றே கிளையை அறுக்க முடியும் என்றால் ஏணி எதற்கு? கையால் களை எடுத்தாலே போதும் என்ற இடத்தில் களைக்கொல்லி எதற்கு? அதற்குப் பிறகு இயந்திரத்தின் தடுப்புகள், வேலை நேரம், பயிற்சி ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். இவ்வளவும் செய்த பிறகு மிஞ்சும் ஆபத்துக்குத்தான் கையுறை.

வேலை தொடங்கும் முன் இடத்தைச் சுற்றிப் பார்ப்பது அவசியமா?

அவசியம். வெறுங்கையோடு ஒரு சுற்று நடந்து வாருங்கள். கல், கம்பித்துண்டு, உடைந்த கண்ணாடி, புல்லுக்குள் மறைந்த குழி, தண்ணீர்க் குழாயின் தலை ஆகியவற்றைப் பாருங்கள். பிறகு தலையை நிமிர்த்தி, மின்கம்பி, காய்ந்து தொங்கும் கிளை, குளவிக்கூடு இருக்கின்றனவா என்று பாருங்கள். தோண்டும் வேலை என்றால் மண்ணுக்கடியில் மின்கேபிளோ எரிவாயுக் குழாயோ போகிறதா என்பதைக் கேட்டு உறுதி செய்யாமல் கடப்பாரையை இறக்கக் கூடாது.

புல்வெட்டும் இயந்திரத்தில் அடைப்பு ஏற்பட்டால், எஞ்சினை நிறுத்திவிட்டுக் கையால் எடுக்கலாமா?

எஞ்சினை நிறுத்தினால் மட்டும் போதாது. ஈரப்புல் அடைத்துக்கொண்ட கணத்தைக் கவனியுங்கள். சத்தம் கனக்கிறது, எஞ்சின் திணறி நின்றுவிடுகிறது. ஆள் குனிந்து, மூடிக்கு அடியில் கைவிட்டு, கத்தியில் சுற்றிய புல்லைப் பிய்க்கிறார். கத்தி அரைச் சுற்று சுற்றுகிறது. கத்தி பொருத்தியிருக்கும் தண்டுதான் எஞ்சினையும் சுற்றுகிறது. சூடான பெட்ரோல் எஞ்சினில் அந்த அரைச் சுற்றே ஒருமுறை பற்றிக்கொள்ளப் போதுமானது. விரல்கள் அங்கேதான் இருக்கின்றன.

எனவே முறை இதுதான்: எஞ்சினை நிறுத்துங்கள். கத்தி முழுதாக நிற்கும்வரை காத்திருங்கள். ஸ்பார்க் பிளக்கின் வயரைக் கழற்றி, பிளக்கில் மறுபடி படாதபடி ஒதுக்கி வையுங்கள். பேட்டரி இயந்திரமாக இருந்தால் பேட்டரியைக் கழற்றுங்கள். மின்சார இயந்திரமாக இருந்தால் பிளக்கைப் பிடுங்குங்கள். அதன் பிறகும் கையை விடாமல் ஒரு குச்சியால் புல்லைத் தள்ளி எடுங்கள். இத்தனைக்கும் ஒரு நிமிடம்கூட ஆகாது.

கைப்பிடியை விட்டால் எஞ்சினை நிறுத்தும் நெம்புகோலைக் கயிறு போட்டுக் கட்டிவைக்கும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அப்படிக் கட்டப்பட்ட இயந்திரத்தை யாரும் வேலைக்கு எடுக்கக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

புதர்வெட்டி ஓடும்போது மற்றவர்கள் எவ்வளவு தூரம் தள்ளி நிற்க வேண்டும்?

குறைந்தது 15 மீட்டர். தயாரிப்பாளர்களின் கையேடுகள் பொதுவாகச் சொல்லும் அளவு இது. புல்வெட்டும் இயந்திரத்தின் கத்தி முனை மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தைத் தொடக்கூடியது. புதர்வெட்டியும் கல்லை அதற்குச் சளைக்காமல் எறியும். இயக்குபவருக்குச் சாதாரணக் கண்ணாடி போதாது. பக்கவாட்டையும் மூடும் பாதுகாப்புக் கண்ணாடியும், அதன்மேல் முகத்திரையும் வேண்டும். வலைத்திரை மட்டும் போட்டால் சிறு துகள் உள்ளே வந்துவிடும். யாராவது பேச வந்தால், அவர் கிட்டே வருவதற்கு முன் எஞ்சின் நிற்க வேண்டும்.

நைலான் நரம்பு அடிக்கடி அறுகிறது என்று அதற்குப் பதிலாக இரும்புக் கம்பியையோ சங்கிலித் துண்டுகளையோ மாட்டுகிறார்கள். செய்யவே கூடாது. சங்கிலிக் கண்ணி ஒன்று கழன்றால் அது துப்பாக்கிக் குண்டுதான். கைப்புதர்வெட்டிகளுக்கான, பல உலோகத் துண்டுகளை இணைத்துச் செய்த வெட்டுத்தலைகளை ஐரோப்பிய ஒன்றியம் 2012-ல் சந்தையிலிருந்தே விலக்கியது.

சரிவில் புல் வெட்டுவது எப்படி?

தள்ளிச் செல்லும் இயந்திரம் என்றால் சரிவுக்குக் குறுக்காக நடந்து வெட்டுங்கள். மேலும் கீழுமாகப் போனால் கால் வழுக்கிக் கத்திக்கு அடியில் போய்விடும். உட்கார்ந்து ஓட்டும் இயந்திரம் என்றால் நேர்மாறு: மேலும் கீழுமாகவே ஓட்ட வேண்டும், குறுக்கே போனால் கவிழும். எவ்வளவு சரிவுவரை போகலாம் என்பது கையேட்டில் இருக்கும். 15 பாகையைத் தாண்டினால் பெரும்பாலான இயந்திரங்களுக்கு அது இடமல்ல. கவிழ்ந்தால் காக்கும் சட்டம் பொருத்தப்பட்ட இயந்திரத்தில் சீட் பெல்ட் போட்டே ஆக வேண்டும்.

சங்கிலி ரம்பம் ஏன் முகத்தை நோக்கி எகிறுகிறது?

ரம்பத்தின் அலகில் முனையின் மேல்பகுதி எதிலாவது தட்டினால், ஓடும் சங்கிலி அங்கே கடித்து நின்று, அந்த விசை முழுவதும் அலகை மேலும் பின்னுமாக உதறுகிறது. மனிதக் கை சுதாரிக்கும் நேரத்துக்குள் அது முடிந்துவிடும். 'கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறேன்' என்ற நம்பிக்கை உதவாது. முனையால் அறுக்காதீர்கள், தோளுக்கு மேலே ரம்பத்தைத் தூக்காதீர்கள், இடது கட்டைவிரல் முன்கைப்பிடியைச் சுற்றி வளைத்திருக்கட்டும், சங்கிலித் தடை வேலை செய்கிறதா என்று தினமும் சோதியுங்கள். மழுங்கிய சங்கிலியை அழுத்தி அறுக்க வேண்டியிருக்கும். அழுத்தும் கை கட்டுப்பாட்டை இழந்த கை.

ரம்ப வேலைக்கான கால்சட்டையில் நீளமான இழைகள் அடுக்கடுக்காக இருக்கும். சங்கிலி துணியைக் கிழித்தவுடன் இழைகள் உருவிக்கொண்டு வந்து பற்சக்கரத்தில் சிக்கி ரம்பத்தையே நிறுத்திவிடும். ஒருமுறை வெட்டுப்பட்ட கால்சட்டையைத் தைத்துப் போடக் கூடாது, மாற்ற வேண்டும். மரத்தை வீழ்த்தும்போது அதன் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு தூரத்துக்குள் வேறு யாரும் இருக்கக் கூடாது. வெட்டுபவர் பின்வாங்கும் வழியை முதலில் சுத்தம் செய்து வைக்க வேண்டும். மரம் விழும் திசைக்கு நேர் பின்னால் ஓடாமல், பின்பக்கம் சாய்வாக 45 பாகையில் விலக வேண்டும். அடிமரம் பின்னோக்கி உதைப்பது உண்டு.

ஏணியில் நின்று சங்கிலி ரம்பம் பிடிக்கலாமா?

கூடாது. எந்தச் சூழ்நிலையிலும் கூடாது.

கைக்கத்தரியோடு ஏறுவதென்றால், சாய்த்து வைக்கும் ஏணி நான்கு பங்கு உயரத்துக்கு ஒரு பங்கு தூரம் அடியில் விலகியிருக்க வேண்டும். சமமில்லாத மண்ணில் மூன்று கால் தோட்ட ஏணி நன்றாக நிற்கும். இடுப்புப் பட்டை ஏணியின் இரு பக்கச் சட்டங்களுக்கு நடுவில் இருக்கும்வரை எட்டலாம். அதைத் தாண்டினால் இறங்கி ஏணியை நகர்த்துங்கள்.

மின்கம்பிக்குப் பக்கத்தில் உள்ள கிளையை நாமே வெட்டலாமா?

மின்வாரியத்துக்குச் சொல்லி மின்சாரத்தை நிறுத்தாமல் வெட்டக் கூடாது. 50,000 வோல்ட் வரையான கம்பிகளுக்கு, அதற்கென்று பயிற்சி பெறாதவர் 3 மீட்டருக்குள் நெருங்கக் கூடாது என்பது அமெரிக்கப் பணியிட விதி. அவருடைய உடலுக்கு மட்டும் அல்ல, கையிலிருக்கும் அலுமினிய ஏணிக்கும் நீண்ட கத்தரிக்கும் வெட்டி விழும் கிளைக்கும் இதே கணக்குதான். பச்சை மரம் மின்சாரத்தைக் கடத்தும். கம்பி கிளையில் உராய்ந்துகொண்டிருந்தால் அடிமரத்தைத் தொடுவதே ஆபத்து.

அறுந்து விழுந்த கம்பியிலிருந்து குறைந்தது 10 மீட்டர் விலகி நில்லுங்கள். ஏற்கெனவே அருகில் இருந்துவிட்டால் எட்டி நடை போடாமல், இரு பாதங்களையும் ஒட்டி வைத்து, தரையிலிருந்து தூக்காமல் இழுத்து இழுத்து விலகுங்கள். இரு கால்களுக்கு இடையிலான மின்னழுத்த வேறுபாடே ஆளைக் கொல்லும். மின்சாரத் தோட்டக் கருவிகளுக்கு, 30 மில்லி ஆம்பியர் மின்கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் கசிவுத் தடுப்பான் இருக்க வேண்டும்.

கிளை அரைக்கும் இயந்திரத்தில் எதற்கு மிகவும் பயப்பட வேண்டும்?

சிக்கிக்கொள்வதற்கு. உருளைகள் கிளையை இழுக்கும் வேகம், சிக்கிய மனிதர் யோசித்து விடுவித்துக்கொள்ளும் வேகத்தைவிட அதிகம். பக்கவாட்டில் நின்று, அடிப்பகுதி முதலில் போகும்படி கிளையைக் கொடுத்து, உருளை பற்றியவுடன் கையை விட்டுவிடுங்கள். குட்டையான துண்டுகளை இன்னொரு நீளக் கிளையால் தள்ளுங்கள். காலால் தள்ளவே கூடாது. அகன்ற கைப்பட்டை உள்ள கையுறை, தளர்ந்த சட்டை, கழுத்தில் துண்டு, இடுப்பில் தொங்கும் கயிறு எதுவும் வேண்டாம். மரம் ஏறும் கயிறு தரையில் கிடந்து கிளைகளோடு சேர்ந்து உள்ளே போய் ஆளையும் இழுத்துக்கொண்ட விபத்துகள் நடந்திருக்கின்றன. அவசர நிறுத்தப் பட்டை எங்கே இருக்கிறது என்பது அங்கு நிற்கும் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

மருந்து தெளிக்கும்போது மூக்கைத் துணியால் கட்டிக்கொண்டால் போதாதா?

போதாது. தெளிப்பவரின் உடலுக்குள் பூச்சிக்கொல்லி போகும் முதன்மையான வழி தோல். எல்லா இடத்துத் தோலும் ஒரே அளவில் உறிஞ்சுவதும் இல்லை. முன்கையைவிட நெற்றியும் உச்சந்தலையும் அக்குளும் பல மடங்கு உறிஞ்சும். தொடையிடுக்கு எல்லாவற்றையும் மிஞ்சும். இப்போது முதுகில் மாட்டும் தெளிப்பானை நினைத்துப் பாருங்கள். மூடியின் வாஷர் தேய்ந்திருக்கிறது. குனியும்போதெல்லாம் சில சொட்டு கசிந்து, முதுகு வழியாக இடுப்புக்கும் அங்கிருந்து கீழேயும் இறங்குகிறது. வியர்வை என்று ஆள் நினைத்துக்கொண்டிருக்கிறார். மதியத்துக்குள் உடல் எந்த இடத்தில் அதிகம் உறிஞ்சுமோ அந்த இடத்திலேயே மருந்து ஊறிவிடுகிறது. விலை உயர்ந்த முகமூடியைவிட ஒரு புது வாஷர் அன்று அவரைக் காப்பாற்றியிருக்கும். வெறும் தண்ணீர் நிரப்பிக் கசிவு பார்த்த பிறகுதான் மருந்து ஊற்ற வேண்டும்.

மிக ஆபத்தான நேரம் தெளிக்கும் நேரம் அல்ல, கலக்கும் நேரம். அப்போது கையில் இருப்பது நீர்க்காத மூல மருந்து. அந்த வேலைக்கு நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் கையுறை, கண்ணை மூடும் கண்ணாடி, மேலங்கி வேண்டும். தோல் கையுறையும் பருத்திக் கையுறையும் மருந்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு தோலில் ஒட்டிக்கொண்டே இருக்கும், இல்லாமலிருப்பதைவிட மோசம். தெளிமுனை அடைத்தால் வாயால் ஊதாதீர்கள். மெல்லிய தூரிகையும் தண்ணீரும் எப்போதும் கூடவே இருக்கட்டும். காற்று பலமாக வீசும்போதும் தெளிக்கக் கூடாது. காற்றே அசையாத அதிகாலையிலும் கூடாது. அந்த அசைவற்ற காற்றில் நுண்துளிகள் தரையையொட்டி மிதந்து எதிர்பாராத இடத்துக்குப் போகும்.

மருந்தைக் குடிநீர் பாட்டிலிலோ குளிர்பான பாட்டிலிலோ ஊற்றி வைக்காதீர்கள். பாராகுவாட் என்ற களைக்கொல்லிக்கு மாற்று மருந்தே கிடையாது; ஒரு வாய் விழுங்கினால் போதும், உயிர் போய்விடும். காலி டப்பாவை மூன்று முறை அலசி, அலசிய நீரைத் தெளிப்பானிலேயே ஊற்றி, டப்பாவைக் குத்தி ஓட்டையாக்கிவிடுங்கள். வேலை உடைகளை வீட்டுத் துணிகளோடு சேர்த்துத் துவைக்கக் கூடாது. தெளித்த இடத்துக்குள் மறுபடி எப்போது போகலாம் என்பது லேபிளில் இருக்கும். குழந்தைகள் விளையாடும் புல்தரையில் இதை நீங்களே முன்வந்து சொல்ல வேண்டும்.

விஷம் ஏறிவிட்டது என்று எப்படித் தெரியும்?

ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிக்கொல்லிகளில் தலைவலி, அளவுமீறிய வியர்வை, எச்சில் ஒழுகுதல், கண்பாவை ஊசிமுனைபோல் சுருங்குதல், தசைத் துடிப்பு, மூச்சுத்திணறல் ஆகியவை வரும். முதல் அறிகுறிகள் வெயில் களைப்பைப் போலவே இருப்பதால் ஏமாந்துவிடுகிறார்கள். மருந்து தெளித்த நாளில் மயக்கம் வந்தால் முதலில் விஷத்தைச் சந்தேகியுங்கள். உடைகளைக் களைந்து சோப்பும் தண்ணீரும் கொண்டு கழுவுங்கள். கண்ணில் பட்டிருந்தால் 15 நிமிடமாவது ஓடும் தண்ணீரில் அலசுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மருந்தின் லேபிளை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.

வெயிலுக்குப் பழகிய உடம்புக்கும் ஆபத்து உண்டா?

உண்டு. அதைவிட ஆபத்து, பழகாத உடம்புக்கு. வெப்பத்துக்கு உடல் பழக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். புதிதாக வந்தவருக்கு முதல் நாள் முழு வேலையில் 20 சதவீதம், பிறகு நாளுக்கு 20 சதவீதம் கூட்டிக்கொண்டு போகச் சொல்கிறது அமெரிக்காவின் நியோஷ் என்ற தொழில் நல ஆய்வு நிறுவனம். ஏற்கெனவே பழகியவர் விடுமுறைக்குப் பின் திரும்பினால் 50, 60, 80, 100 என்று நான்கு நாளில் ஏற்றலாம். புது ஆளின் திராணியை முதல் நாளே கடும் வெயிலில் சோதித்துப் பார்க்கும் மேஸ்திரிகளை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. அது சோதனை அல்ல, கொலைக்கு அருகிலான செயல்.

தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் 15 முதல் 20 நிமிடத்துக்கு ஒரு தம்ளர் தண்ணீர் குடியுங்கள். மணிக்கு ஒன்றரை லிட்டரைத் தாண்ட வேண்டாம். பல மணி நேரம் தொடர்ந்து வியர்த்தால் உப்பும் ஈடுசெய்யப்பட வேண்டும். ஒருவர் குழறிப் பேசினால், இடம் தெரியாமல் விழித்தால், தடுமாறி விழுந்தால், அது வெப்ப மயக்கம் அல்ல, வெப்பத்தாக்கு. உடல் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருக்கும். வியர்வை நிற்கவில்லையே என்று ஏமாறாதீர்கள். வேலை செய்துகொண்டிருந்தவருக்கு வியர்த்துக்கொண்டே வெப்பத்தாக்கு வரும். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுவிட்டு, அது வரும்வரை நிழலில் கிடத்தி, தண்ணீரை உடல் முழுக்க ஊற்றி விசிறிக்கொண்டே இருங்கள். நினைவு தெளியாதவரின் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

இயந்திரச் சத்தமும் அதிர்வும் நாளடைவில் பழகிவிடும் அல்லவா?

பழகுவதில்லை, காது செத்துப்போகிறது. 85 டெசிபல் சத்தத்தில் 8 மணி நேரம்தான் இருக்கலாம். அதன் பிறகு ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். அப்படிப் பார்த்தால் 100 டெசிபலில் 15 நிமிடம்தான். சங்கிலி ரம்பம் அதைச் சுலபமாகத் தாண்டும். காதடைப்பானை எஞ்சினை முடுக்கும் முன்பே போட வேண்டும்.

அதிர்வு விரல்களின் ரத்தக்குழாய்களையும் நரம்புகளையும் கெடுக்கிறது. குளிர்ந்த காலையில் விரல் நுனி வெளுத்து மரத்துப்போனால் அது முதல் எச்சரிக்கை. அலட்சியப்படுத்தினால் பிறகு சட்டைப் பொத்தான்கூடப் போட முடியாது. 8 மணி நேர அதிர்வுச் சராசரி 2.5 மீ/வி² அளவைத் தாண்டினால் நடவடிக்கை எடுக்க வேண்டும், 5 மீ/வி² அளவைத் தாண்டவே கூடாது என்பது ஐரோப்பிய விதி. இயந்திரக் கையேட்டில் அதிர்வு அளவு அச்சிட்டிருக்கும். கருவியை ஆள் மாற்றி ஆள் பிடிப்பதே எளிய தீர்வு.

நடைபாதைக் கல் அறுக்கும் தூசி வெறும் தூசிதானே?

இல்லை. கல்லிலும் கான்கிரீட்டிலும் படிகச் சிலிக்கா இருக்கிறது. அறுக்கும்போது எழும் மிக நுண்ணிய தூள் நுரையீரலின் அடிவரை போய்த் தங்கி, திசுவைத் தழும்பாக்குகிறது. சிலிகோசிஸ் என்னும் இந்த நோயைக் குணமாக்க வழியில்லை. நுரையீரல் புற்றுநோயும் வரும். அறுக்கும் சக்கரத்தின்மேல் தண்ணீர் விழுந்துகொண்டே இருக்கட்டும். பொருத்தமான வடிகட்டி முகமூடியும் வேண்டும். பிறகு உலர்ந்த தூளைத் துடைப்பத்தால் பெருக்கி மறுபடி கிளப்பிவிடாதீர்கள், நனைத்து அள்ளுங்கள்.

முள் குத்தினதற்கெல்லாம் டாக்டரிடம் போக வேண்டுமா?

எல்லாவற்றுக்கும் வேண்டாம். ஆனால் டெட்டனஸ் தடுப்பூசி எப்போது போட்டது என்பது நினைவில் இருக்க வேண்டும். 10 ஆண்டுக்கு ஒருமுறை ஊக்க ஊசி வேண்டும், மண் பட்ட ஆழமான காயம் என்றால் கடைசி ஊசி போட்டு 5 ஆண்டு கடந்திருந்தாலே மறுபடி போட வேண்டும். ரோஜா முள் குத்திய இடத்தில் சில வாரம் கழித்து ஆறாத கட்டி எழும்பி, கையில் மேல்நோக்கி வரிசையாகப் பரவினால் அது ஸ்போரோட்ரைகோசிஸ் என்ற பூஞ்சை நோயாக இருக்கலாம். தோட்ட வேலை செய்கிறேன் என்று டாக்டரிடம் நீங்களே சொன்னால்தான் அவருக்கு அந்தச் சந்தேகம் வரும்.

தொட்டிக்கான மண்கலவைப் பையை முகத்துக்கு நேராகக் கிழித்துத் திறக்காதீர்கள். லீஜியோனெல்லா வகைக் கிருமி அந்தத் தூளோடு நுரையீரலுக்குப் போய் நிமோனியாவைத் தரும். பையைத் தள்ளி வைத்துத் திறந்து, தண்ணீர் தெளித்து நனைத்துவிட்டுக் கை வையுங்கள். தேங்கிய நீரிலும் சேற்றிலும் வெறுங்காலோடு இறங்கினால் எலிக்காய்ச்சல் வரும். அரளிச் செடியை வெட்டினால் எரிக்காதீர்கள். அதன் புகையும் நஞ்சு. கள்ளிப் பால் கண்ணில் பட்டால் உடனே அலசிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பாம்பு கடித்தால்?

இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள். மோதிரத்தைக் கழற்றி, கடிபட்ட கையையோ காலையோ அசையாமல் வைத்து, நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மூட்டை, மண், பள்ளம் தொடர்பாக என்ன கவனம் வேண்டும்?

உடலுக்கு நெருக்கமாக, இடுப்பு உயரத்தில், திரும்பாமல் தூக்கும் சிறந்த நிலையில்கூட நியோஷ் பரிந்துரைக்கும் உச்ச எடை 23 கிலோதான். 50 கிலோ மூட்டையை ஒருவர் தலையில் ஏற்றுவது வீரம் அல்ல. பள்ளம் ஒன்றரை மீட்டர் ஆழத்தை எட்டினால் முட்டுக் கொடுக்காமல் யாரும் உள்ளே இறங்கக் கூடாது. ஒரு கன மீட்டர் மண் ஒன்றரை டன்னுக்கு மேல் இருக்கும். அது மார்புவரை மூடினாலே மூச்சு நின்றுவிடும். தோண்டிய மண்ணை விளிம்பிலிருந்து 60 சென்டிமீட்டராவது தள்ளிக் கொட்டுங்கள்.

ஆபத்தான வேலையைச் செய்ய மாட்டேன் என்று சொல்ல எனக்கு உரிமை இருக்கிறதா?

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1981-ஆம் ஆண்டின் 155-ஆவது உடன்படிக்கை, உயிருக்கோ உடல்நலத்துக்கோ உடனடியான கடும் ஆபத்து இருப்பதாக நியாயமாக நம்பி விலகும் தொழிலாளியைப் பழிவாங்கக் கூடாது என்கிறது. 2022 ஜூனில் பாதுகாப்பான, நலமான பணிச்சூழலை அந்த அமைப்பு அடிப்படை உரிமைகளில் ஒன்றாகவே சேர்த்தது. நடைமுறைச் சட்டம் நாட்டுக்கு நாடு வேறுபடும். ஆனால் மின்கம்பிக்கு அருகே ஏறச் சொன்னால், "கம்பியில் மின்சாரம் நின்றபின் ஏறுகிறேன்" என்று சொல்வது அடங்காமை ஆகாது. முடிந்தால் சாட்சியோடு சொல்லுங்கள், எழுத்திலும் தெரிவியுங்கள்.

தனி ஆளாக வேலை செய்கிறேன். எனக்கு யார் துணை?

சங்கிலி ரம்பம், மரம் ஏறுதல், கிளை அரைக்கும் இயந்திரம் ஆகிய மூன்றையும் தனியாக இருக்கும் நாளில் தொடாதீர்கள். அதற்கு ஒரு ஆளை அழைத்துக்கொள்ளும் செலவை ஒப்பந்தத் தொகையிலேயே சேர்த்துவிடுங்கள். மற்ற வேலைகளுக்கு, எங்கே போகிறீர்கள், எத்தனை மணிக்கு முடிப்பீர்கள் என்பதை ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். அந்த நேரத்தில் அழைப்பு வராவிட்டால் அவர் என்ன செய்ய வேண்டும் என்பதையும் பேசி வையுங்கள். செல்பேசி வண்டியில் இருந்தால் பயனில்லை, சட்டைப்பையில் இருக்க வேண்டும். ரத்தப்போக்கை அழுத்தி நிறுத்தும் பெரிய கட்டுத்துணியும் உடலோடு இருக்கட்டும். தோட்டத்தின் முழு முகவரியை வேலை தொடங்கும் முன் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆம்புலன்ஸுக்கு வழி சொல்லப்போகிறவர் அந்த இடத்துக்கே புதியவராக இருக்கலாம்.